அப்பா சொல்லாத வரி

என் அன்புச் சுமிக்கோ அக்கா,

நல்ல செய்தியோடுதான் வருகிறேன். உங்கள் கவிதைகளை நான் தமிழாக்கிய புத்தகம் இரண்டாம் பதிப்புக்குப் போகிறது. "பத்துப் பேர் வாசித்தால் கொண்டாடுவோம்" என்று சிரித்தீர்களே, ஜெர்மனியின் ஹம் நகரில் மட்டும் மண்டபம் நிறையச் சனம் வந்து கேட்டது. ஆனால் ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. கோபிக்காமல் கேளுங்கள்.

இந்தக் கடிதத்தை வாசிக்கப்போகிற, உங்களைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நீங்கள் கலிபோர்னியாவில் பூந்தோட்டம் வைத்திருந்த ஜப்பானியக் குடும்பத்தின் பிள்ளை. உலகப் போரின்போது, ஜப்பானியர் என்ற ஒரே காரணத்துக்காக அமெரிக்க அரசு உங்களை முகாமில் அடைத்தது. பிறகு கவிஞரானீர்கள். கல்யாணம் உங்களைப் பிராங்பேர்ட்டுக்குக் கொண்டுவந்தது. நாற்பது வருடம் ஜப்பானியப் பெண்களின் கவிதைகளை ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் மொழிபெயர்த்தீர்கள். சொந்தமாக எழுதியது இரண்டே இரண்டு மெல்லிய புத்தகங்கள். அதில் உங்களுக்குக் கவலை இருந்ததா அக்கா? நான் கேட்கவேயில்லை.

சனிக்கிழமைகளில் விமான நிலைய வேலை முடிந்து உங்கள் சமையலறைக்கு வருவேன், இருவருமாக உங்கள் கவிதைகளைத் தமிழாக்க. ஒரு வரி பிடிபடாவிட்டால், எழுதியவரையே தொலைபேசியில் அழைத்துக் கேட்கிற ஆள் நீங்கள். கேட்க ஆளில்லை என்றால் இடம் விட்டுவிடுவீர்கள். இட்டுக்கட்டி நிரப்ப மாட்டீர்கள்.

முகாமுக்குப் புறப்படும் உங்கள் கவிதையிலும் அப்படித்தான். அப்பா வீட்டைப் பூட்டுகிறார். அம்மாவின் காதருகே குனிகிறார். அடுத்த வரி வெறுமை. "நான் லொறிக்குள் இருந்தேன், அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை" என்றீர்கள்.

நீங்கள் இறந்த பிறகு அந்த இடத்தில் நான் "திரும்பி வருவோம்" என்று எழுதினேன். யாழ்ப்பாணத்து வீட்டைப் பூட்டும்போது என் அப்பா சொன்னது அது. ஹம்மில் அந்த வரிக்குத்தான் சனம் அழுதது. நான் பெருமையாக வேறு நின்றேன், வெட்கக்கேடு.

கூட்டம் முடிந்ததும், தம்பியோடு அங்கே வசிக்கும் அப்பா என்னை ஸ்டேஷன் வரை கூட்டிவந்தார்.

"அந்த வரி உங்கடைதான் அப்பா," என்றேன்.

"என்ரையோ? நான் ஒண்டும் சொல்லேல்லைப் பிள்ளை. எப்ப திரும்பி வருவம் எண்டு கொம்மா கேட்டவ. எனக்கு வாயே வரேல்லை."

இத்தனை வருடமும் நினைவு என்று நான் வைத்திருந்தது என் ஆசையை. ரயில் வந்தும் ஏறவில்லை. அடுத்த ரயில் வரும்வரை அப்பா அம்மாவைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார். அம்மா இறந்த பிறகு அவர் அவ்வளவு கதைத்ததில்லை. இப்போது ஞாயிறுதோறும் அவரே தொலைபேசி எடுக்கிறார்.

அந்த வரியை எடுத்துவிடப் பதிப்பாளருக்குத்தான் விருப்பமில்லை. "அக்கா, சனம் அந்த வரியைத்தானே சொல்லிக்கொண்டு திரியுது. எடுக்க ஏலாது," என்றார்.

"அது அவவின்ரை இல்லைத் தம்பி, என்ரை. எடுங்கோ," என்றேன்.

நேற்றுத் திருத்திய பக்கம் வந்தது. அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. முன்னுரையில் என் பிழையையும் எழுதியிருக்கிறேன்.

இனி எங்கே வாசித்தாலும் அந்த இடத்தில் நிற்பேன், அக்கா. ஒரு மூச்சு விட்ட பிறகுதான் அடுத்த வரிக்குப் போவேன். இன்னொன்று, "நீயும் எழுது" என்று என்னை நச்சரித்தீர்களே, தொடங்கிவிட்டேன். முதல் வரி: "அப்பா ஒன்றும் சொல்லவில்லை."

இதை முடிப்பேன்.

பெரியம்மா வயதுக்காரியை அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிய,
உங்கள் தங்கை வதனி