நீ வெட்டிய ஷாட்

இன்று ஆடி பிறந்தது. தியாகராய நகரில் கல்யாண வீடியோ கடை வைத்திருப்பவர் என்னைத் தெருவில் பார்த்துக் கூப்பிட்டார். "இன்னாம்மா, முகூர்த்தம் ஒண்ணும் இல்ல. காமிரா சும்மா தூங்கிக்கினு கீது. வேணுமா?" மேஜையில் காமிராப் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே சந்தன வாசனை, பன்னீர் வாசனை. உன் நினைவு வந்தது. பாசத்தோடு அல்ல.

ஆடியிலும் மார்கழியிலும்தான் நாம் படம் எடுத்தோம். கல்யாணம் இல்லாத மாதங்களில் காமிரா கிட்டத்தட்ட இலவசம். அது உன் மூளையில் உதித்தது. மறுக்கவில்லை.

ஐந்து வருடங்களுக்கு முந்தைய ஆடி. ஞாயிறு காலை, அடையாறு பாலம். காமிராவைத் தனியே விட மனமில்லாத கடைக்காரரே ஸ்கூட்டர் ஓட்டினார். நீ அவருக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்தாய்; இருவரையும் ஒரு வேட்டியால் சேர்த்துக் கட்டினோம். உன் மாமாவின் மோட்டார் சைக்கிளில், உன் மாமாவின் ஜாக்கெட்டில், பின்னால் துரத்தி வந்தவள் நான். நீ ஓட்டினால் கிளட்சை விட்டதும் வண்டி நின்றுவிடும். லஸ் முனையில் மூன்று முறை நின்றது.

"கடைசில நிறுத்தி ஹெல்மெட்டக் கழட்டுடி. பொண்ணான்னு ஊரே அசந்துடணும்." நீதான் சொன்னாய். கழற்றினேன். பின்னல் விழுந்தது. காமிராவுக்குப் பின்னாலிருந்து "ஐயோ, சூப்பர்டி!" என்று கத்திச் சிரித்தாய்.

இரண்டு வி.சி.ஆர்.களை இணைத்து, பொத்தானை அழுத்தி அழுத்தி நீ படத்தைத் தொகுத்தாய். கடைக்காரரிடம் இருந்தது கல்யாண எஃபெக்ட் மட்டும். வண்டி ஒரு தாமரைப் பூவுக்குள்ளிருந்து வெளியே வந்தது.

உள்ளூர் கேபிளில் அதை ஒளிபரப்பினார்கள். ராஜா அண்ணாமலைபுரத்தில், எங்கள் வீட்டில், அப்பாவோடு உட்கார்ந்திருந்தேன். நான் வண்டி ஓட்டுவது அவருக்குத் தெரியாது. கடைசி ஷாட்டில் தெரியட்டும் என்றிருந்தேன். அப்பா செய்தித்தாளை மடித்தார். "ஓட்டறவன் பிரமாதமா ஓட்டறான்."

கடைசி ஷாட் வரவில்லை. பதிலாக நீ வந்தாய், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு. யார் ஓட்டியது என்று பேட்டி கண்டவர் கேட்டார். "நான்தான் சார்." படம் பிடித்தது? "ஒரு ஃபிரண்டு. பொண்ணு. நல்லாப் பண்ணியிருக்கா."

அப்பா திரையில் உன்னைப் பார்த்துத் தலையசைத்தார். என்னைப் பார்த்து அவர் அப்படித் தலையசைத்ததில்லை. ஒரு முறைகூட.

மறுநாள் கேட்டேன். "பொண்ணுன்னா சர்க்கஸ் மாதிரி பாப்பாங்கடி. நான்னா வண்டியப் பாப்பாங்க" என்றாய். பிறகு, வெட்டாத மூல கேஸட் எங்கே என்றாய். என்னிடம்தான் இருந்தது. அதன்மேல் டிவி கச்சேரி பதிவாகிவிட்டது என்று பொய் சொன்னேன். நீ நிம்மதியாக மூச்சு விட்டாய். பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த வைகாசியில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோனது. பதிமூன்றாம் நாள் கழிந்ததும் மயிலாப்பூரிலிருந்து உன் அம்மா போன் செய்தார். "ஆத்துல இருந்த கேஸட் பூசணம் பிடிச்சுடுத்துடி. அவன் வண்டி ஓட்டின படம் உங்கிட்ட இருக்கா? ஒரு தரம் பாக்கணும் போல இருக்கு."

எடுத்துப் போனேன். வெட்டாததை. பஸ்ஸில் வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தேன். அதை உன்னிடம் மறைக்க இப்போது காரணம் இல்லை.

உன் அம்மா தரையில், மாமா நாற்காலியில். திரையில் ஹெல்மெட் கழன்றது. மாமா எழுந்துவிட்டார். "ஓட்டினது நீயா? என் வண்டியையா?"

"நான்தான் மாமா. எல்லா ஷாட்டும்."

ஐந்து வருடங்கள் வைத்திருந்த வாக்கியம். இனித்தது.

உன் அம்மா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. "பேசாம இருங்கோ. அவன் சிரிக்கறான். அந்த எடத்த இன்னொரு தரம் போடுடி."

போட்டேன். மறுபடியும் போட்டேன். ஏழெட்டு முறை. அந்தக் கேஸட்டில் உன் முகம் எங்கும் இல்லை. மற்ற இடமெல்லாம் எஞ்சின் சத்தம். உன் குரல் இருப்பது அந்த ஒரே இடத்தில்தான். நீ வெட்டிய இடத்தில்.

கோபம் குறையவில்லை. குறைய வேண்டும் என்ற ஆசையும் இல்லை. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது, வைத்துக்கொள்கிறேன். கேஸட்டை மட்டும் உன் அம்மாவிடம் விட்டுவிட்டேன். எந்தப் பொத்தானை அழுத்தினால் பின்னால் போகும் என்றும் காட்டிக் கொடுத்தேன். இனி அவர் உன்னைக் கேட்க நினைக்கும் ஒவ்வொரு முறையும் நான் ஹெல்மெட்டைக் கழற்றுவேன்.