கோரிமேட்டு ஏத்தத்தில் சந்தன வாசனை

6.10.2009, செவ்வாய்

புரட்டாசி வெயில். பொன்னுருகக் காய்கிறது. சனிக்கிழமை பெருமாள் கோயிலுக்கு சீரியல் லைட் செட் கட்ட வேண்டும். வயர் சுருளைப் பிரித்து உட்கார்ந்த நேரம் சுமதியிடமிருந்து போன். அக்கா மகள். கோரிமேட்டு ஏத்தத்தில் பாட்டரி வண்டி மறுபடி நின்றுவிட்டதாம். நடு ரோட்டில், பொசுக்கென்று.

பின்னால் வந்த பஸ்காரன், "இன்னாம்மா, ரோட்ட வெலைக்கு வாங்கிட்டியா?" என்று கத்தினானாம். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிய பெண். அந்தக் காலோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு மேடு ஏறியிருக்கிறாள். அந்த பஸ்காரன் என் கையில் சிக்கட்டும். ஸ்டியரிங்கைப் பிடுங்கிக் கழுத்தில் மாட்டுவேன்.

அவள் வேலை செய்யும் மருந்துக்கடை முதலாளி: "இன்னொரு வாட்டி லேட்டா வந்தா வீட்லயே இருந்துக்கோ."

மச்சான் (அக்கா புருஷன்) அதற்கு மேல்: "வண்டியும் வேணாம், வேலையும் வேணாம். ஞாயித்துக்கெழம காயலாங்கடக்காரன வரச் சொல்லிட்டேன்."

வண்டியைப் பிடித்துக் கொடுத்தவன் நான். பிரெஞ்சு பட்டாளத்துப் பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தா வீட்டில் பேசி வாங்கியது. லைசென்ஸ் வேண்டாம், கிக்கர் உதைக்க வேண்டாம், மிதிக்க வேண்டாம். அவள் காலுக்கென்றே செய்த மாதிரி. பழசுதான். இருக்கட்டும், நானும்தான் பழசு. ஆயுத பூசைக்கு நானே கழுவி, மூலை முடுக்கெல்லாம் பொட்டு வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்கிக் கொடுத்த வண்டி. அன்று குதிரை. இன்று கழுதை.

மச்சானிடம் நேரில் போய் சவால் விட்டு வந்திருக்கிறேன். திங்கட்கிழமை அவள் அதே வண்டியில் மேடு ஏறுவாள்.

7.10, புதன்

ஷோரூமுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். டை கட்டிய ஒருத்தன். சீட்டைக்கூடத் தூக்கிப் பார்க்கவில்லை. "நாலு பாட்டரியும் அவுட் சார், மொத்தமா மாத்தணும்." அவன் சொன்ன விலைக்குக் கன்றோடு பசு வாங்கலாம். யாரிடம் சொல்கிறான்? மில்லில் நானூற்று நாற்பது வோல்ட் லைனில் ஒட்டிக்கொண்டவனை ஈரக் கையால் பிடித்து இழுத்துக் காப்பாற்றியவன் நான். (ரப்பர் செருப்பு போட்டிருந்தேன். கையும் ஈரம் இல்லை. அது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை.)

வீட்டில் நானே பார்த்தது:
பியூஸ் - நன்றாக இருக்கிறது.
பிரேக் பிடித்தால் மோட்டாரை நிறுத்தும் சுவிட்சு - அதைக் கழற்றிவிட்டும் ஓட்டினேன். அப்போதும் நின்றது.
சமதரையில் பறக்கிறது. ஏத்தத்தில்தான் சாகிறது. கொஞ்ச நேரம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காத மாதிரி மறுபடி ஓடுகிறது. நடிப்பு. மச்சான் மாதிரியே.

காலையில் சுமதியை என் மொபெட்டில் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது கேட்டாள், "எத்தினி நாளைக்கு மாமா நீ வந்து வுடுவ?" அந்தக் கோபத்தை மொபெட் ஸ்டாண்டில் காட்டினேன். கால் விரல் வீங்கிவிட்டது.

8.10, வியாழன்

விரல் வலி. அக்கா வீட்டில் சாப்பாடு, கருவாட்டுக் குழம்பு.

சுமதி சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "மாமா, வண்டி நிக்கறதுக்கு முன்னாடி ஒரு சந்தன வாசன வருது. அன்னிக்கும் வந்துது."

அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அம்மன்டா தம்பி. வண்டியில குந்தியிருக்கா. நாம எதுவும் கொற வெச்சுட்டமா?"

டீக்கடையில் இதைச் சொன்னேன். முதல் ஆளிடம் சந்தன வாசனைதான். மூன்றாவது ஆளிடம் போவதற்குள் கற்பூரமும் கொலுசுச் சத்தமும் தானாகவே சேர்ந்துகொண்டன. ஒருத்தர் வண்டியைப் பார்க்க எப்போது வரலாம் என்று கேட்டார்.

ஆனால் படுத்தால் தூக்கம் வரவில்லை. அம்மன் குந்தினால் வண்டி ஓட அல்லவா வேண்டும்?

9.10, வெள்ளி

வோல்ட் மீட்டரை ஹேண்டிலில் டேப் சுற்றிக் கட்டினேன். வயரைப் பாட்டரியிலேயே கொடுத்து ஏத்தம் ஏறினேன். வண்டி திணறியபோதும் நாற்பத்தாறு வோல்ட்டுக்குக் கீழே இறங்கவில்லை. பாட்டரி கல் மாதிரி இருக்கிறது. டை கட்டியவன் வாயில் மண்.

ஆறவிட்டு, கீழே வந்து, வயரைப் பாட்டரிக்கு அடுத்த பிளக்கைத் தாண்டி அந்தப் பக்கம் மாற்றினேன். மறுபடி ஏறினேன். நாற்பது. முப்பது. செத்தது. நடுவில் உள்ள பிளக்குதான் கரண்டைத் தின்கிறது!

அப்போது வந்தது வாசனை. சந்தனம். கூடவே பிளாஸ்டிக் கருகல். உடம்பு சில்லிட்டது. பக்தியால் இல்லை.

மழை பிடித்துக்கொண்டது. திறக்க முடியவில்லை.

10.10, சனி

அக்கா வீட்டு வாசலில் சுமதி டார்ச் பிடிக்க, பாட்டரிப் பெட்டியைத் திறந்தேன். பிளக்கைப் பிரித்தால் உள்ளே கரண்டை மறித்துக்கொண்டு, சூட்டில் கருகிப்போன பொறுக்கு. ஓரத்தில் மட்டும் மஞ்சளும் சிவப்பும்.

"மாமா, இது சந்தனம்."

"தெரியுது."

"குங்குமம் வேற."

"கண்ணு இருக்குது எனக்கு."

"ஆயுத பூசைக்கு நீ தான இதக் கழட்டி..."

ஆமாம், வைத்தேன். வண்டிக்கு இதயம் அதுதான். இதயத்தை விட்டுவிட்டு ஊரெல்லாம் கண்ணாடிக்குப் பொட்டு வைக்கிறது, முட்டாள்கள். அவளிடம் சொன்னேன்: "சந்தனத்துல கலப்படம்டி. அசலா இருந்தா கரண்டு குளுகுளுன்னு போயிருக்கும்."

டார்ச்சைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கத்தினேன். இன்னும் சிரித்தாள். உள்ளேயிருந்து அக்கா, "இன்னாடி, அம்மன் இன்னா சொல்றா?" அதற்கும் சிரித்தாள். இந்த வாரம் முழுக்க அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. அதனால் விட்டேன்.

பிளக்கை வெட்டி எறிந்தேன். வயர் முனைகளுக்குச் செம்பு லக்கு, புது போல்ட்டு, ஈயம் பற்றவைத்து, மூன்று சுற்று டேப். பிரேக் சுவிட்சையும் மாட்டினேன். கோயில் சீரியல் செட் தாமதம், தர்மகர்த்தாவிடம் ஏச்சு. வாங்கிக்கொண்டேன்.

11.10, ஞாயிறு

மச்சான் காயலாங்கடை ஆளோடு அக்கா வீட்டு வாசலில். "இன்னா மாப்ள, சாமி எறங்கிடுச்சா?"

"எறங்கிடுச்சு. நீ ஏறு."

பின்னால் உட்காரவைத்தேன். மூட்டை மாதிரி கனம். அதுதான் எனக்கும் வேண்டும். தட்டாஞ்சாவடி தாண்டியதும் என் தோளைப் பிடித்தார், ஏத்தத்தில் இடுப்பைப் பிடித்தார். முனகிக்கொண்டே ஏறியது வண்டி. நிற்கவில்லை. உச்சியில் இறங்கி வேட்டியை உதறிக் கட்டினார். இப்போது வாயைத் திறக்கட்டும் பார்க்கலாம் என்று அவர் மூக்கருகே முறைத்துக்கொண்டு நின்றேன்.

"பொறுமையா ஓட்டச் சொல்லு அவள," என்றார். அவ்வளவுதான். அதையும் பஸ் போகும் பக்கம் பார்த்துக்கொண்டு.

காயலாங்கடைக்காரன் அதே வாசலில் ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு, அக்காவின் ஓட்டை அண்டாவை எடுத்துக்கொண்டு போனான்.

அடுத்த ஆயுத பூசைக்குப் பொட்டு கண்ணாடிக்கு மட்டும்.

12.10, திங்கள்

மேகமூட்டம். காலையில் ஏத்தத்துக்குக் கீழே டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். டீ குடிக்கத்தான். நம்ம தெருவில் டீ சரியில்லை.

வந்தாள். பின்னாலேயே பஸ், ஹாரன் மேல் ஹாரன். அதே பஸ்காரனாகத்தான் இருக்க வேண்டும். எழுந்து கல் தேடினேன். அதற்குள் அவள் ஓரம்கூட ஒதுங்காமல் ஏற ஆரம்பித்துவிட்டாள். என்னைப் பார்க்கவில்லை. இல்லை, பார்த்தும் திரும்பவில்லை. திமிர். என் அக்கா மகள்.

பாதி மேடு. முக்கால் மேடு. உச்சியும் தாண்டினாள். ரோட்டு நடுவில் போய் நின்று மூக்கை விரித்து இழுத்தேன்.

டீசல் புகை. சாக்கடை. வடை எண்ணெய். வேறு ஒன்றும் இல்லை.