புது லேப்டாப்பில் பழைய எக்ஸ்பி

மார்ச் 4, செவ்வாய்

பழைய கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. எம்பிராய்டரி டிசைன் போடும் சாஃப்ட்வேர் அதில்தான் ஓடும். புது லேப்டாப் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அடுத்த செவ்வாய்க்குள் ஆஸ்பத்திரி நர்ஸ் கோட்டுகளில் லோகோ தைத்துக் கொடுக்க வேண்டும். தவறினால் ஆர்டர் வேறு கடைக்குப் போய்விடும். இவருக்கு வேலை போனதிலிருந்து எங்களுக்குச் சோறு போடுவதே இந்தத் தையல்தான்.

"நான் பாத்துக்கறேன்" என்றார் இவர். அதுதான் எனக்குப் பயம்.

மார்ச் 5, புதன்

லேப்டாப்புக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் செய்கிறாராம். விர்ச்சுவல் மெஷின். அதற்குள், பழைய கம்ப்யூட்டரில் இருந்த அதே விண்டோஸ் எக்ஸ்பி. "நெஜத்துல இருக்காது, ஆனா இருக்கிற மாதிரி இருக்கும்" என்று விளக்கினார். உங்க அக்காவோட பாசம் மாதிரியா என்று கேட்டேன். சிரிக்கவில்லை.

மார்ச் 6, வியாழன்

மௌஸ் அந்தக் குட்டி ஜன்னலுக்குள் போய் மாட்டிக்கொண்டது. வெளியே எடுக்கத் தெரியாமல் இவர் முழித்த முழி இருக்கிறதே! ஆனால் சாயங்காலம் திரையில் பச்சைப் புல்வெளி வந்தது, எக்ஸ்பி வந்தது, என் சாஃப்ட்வேரும் ஏறிவிட்டது. "வந்துடுச்சு, வந்துடுச்சு!" என்று வீடே அதிரக் கத்தினார். வேலை போனபின் இந்தக் குரலை இன்றுதான் கேட்கிறேன்.

மார்ச் 7, வெள்ளி

பாதி லோகோ முடிந்தது. முதுகு போச்சு.

மார்ச் 8, சனி

நேற்றுப் போட்டதைக் காணோம். சேவ் பண்ணினேனே — பண்ணலையோ? வயசாகுதா எனக்கு? முதலிலிருந்து போட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

மறுபடியும் காணோம்! அழுகையே வந்துவிட்டது. "நீ சேவ் பண்ணியிருக்க மாட்டே" என்கிறார் இவர். நாலு தடவை பண்ணேனே!

சாயங்காலம் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று தையல் அறைக்குத் திரும்பினால், இவர் லேப்டாப் முன்னால்.

"என்ன பண்றீங்க?"

"தினமும் பண்றதுதான். எல்லாம் ஏத்தினதும் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வச்சேன். சாயங்காலமானா அந்த நிலைக்குத் திருப்பிடுவேன், அதுக்கப்புறம் சேர்ந்த குப்பையெல்லாம் போயிடும். காலையில உனக்குப் புத்தம்புதுசா இருக்குமில்ல?"

சமையல் மேடையைத் தினமும் துடைத்துவிட்டுத்தான் படுப்பார். அதே கையால் என் உழைப்பையும் துடைத்திருக்கிறார், மகராசன்! "ஒரு உதவியும் வேணாம், சும்மா இருங்க போதும்" என்று கத்திவிட்டேன்.

"இத்தனை மாசமா சும்மாதானே இருக்கேன்" என்றார், மெதுவாக.

ஏன்தான் வாயைத் திறந்தேனோ. பாவமாக இருக்கிறது. கோபமும் போகவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

கொடுத்தாச்சு! நேற்று முழுக்க என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு நிறம் முடிந்ததும் பென்டிரைவில் ஒரு காப்பி. நான் தண்ணீர் குடிக்க எழுந்தாலும் ஒரு காப்பி. இனி அந்த லோகோ நினைத்தாலும் தொலைய முடியாது.

பக்கத்து அச்சகக்காரர் விஷயம் கேள்விப்பட்டு வந்தார். அவருடைய பழைய கம்ப்யூட்டருக்கும் இதே கதியாம். "சார், வந்து போட்டுத் தர்றீங்களா? சும்மா வேணாம், கூலி பேசிக்கலாம்."

இவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். சிரித்துவிடுவேனோ என்று பயம்.

மார்ச் 12, புதன்

ஒரு சட்டை போட்டார், கழற்றினார், வேறொன்று போட்டார். "ஏங்க, அந்த கம்ப்யூட்டருக்குக் கண்ணா தெரியப்போகுது?" என்றேன்.

"வழிய விடும்மா, நேரமாச்சு."

நேரமாச்சு. இவர் வாயிலிருந்து இதைக் கேட்டு எத்தனை மாதம்! கண் கலங்கிவிட்டது. சாக்குச் சொல்ல, வெங்காயம்கூட நறுக்கிக்கொண்டிருக்கவில்லை.