நகராத கரும்புள்ளி

சார்,

உத்தமபாளையம் பேருந்து நிலையச் சுவரில் இன்று உங்கள் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியைப் பார்த்தேன். பசை இன்னும் காயவில்லை. படத்துக்குக் கீழே ‘வானியல் அறிஞர்’ என்று போட்டிருக்கிறார்கள். கம்பம் பஸ்ஸைத் தவறவிட்டு அந்த இரண்டு சொற்களையே பார்த்து நின்றேன். செத்தவரைப் பற்றி நல்லதே பேச வேண்டும் என்பார்கள். என்னால் முடியவில்லை.

எழுபதுகளில் நாம் ஒரே பள்ளியில் அறிவியல் ஆசிரியர்கள். நீங்கள் மூத்தவர், நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான். மலைமேல் இருந்த வானாய்வுக்கூடத்தில் பொதுமக்களுக்குச் சூரியனைக் காட்டும் நாள் ஒன்று நடத்தினார்கள். ஆசிரியர்களும் பேசலாம் என்று கடிதம் வந்தது. பள்ளியின் சின்னத் தொலைநோக்கி வழியே சூரிய பிம்பத்தை வெள்ளைத்தாளில் விழவைத்து, நாற்பது நாள், காலை மணி அடிக்கும் முன் கரும்புள்ளிகளைப் பென்சிலால் வரைந்தேன். பேச்சையும் எழுதி, வரைந்த தாள்களோடு சேர்த்து, “திருத்திக் குடுங்க சார்” என்று உங்களிடம்தான் நீட்டினேன்.

“ஒரு பொம்பளப் பிள்ள சூரியனப் பத்திப் பேசுனா ஆரு கேப்பாக டீச்சர்? நான் பாத்துக்கிறேன்” என்றீர்கள்.

பார்த்துக்கொண்டீர்கள். மலையில் மாணவிகளோடு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, என் வாக்கியங்களை உங்கள் வாயால் கேட்டேன். ஒவ்வொரு தாளின் மூலையிலும் உங்கள் கையெழுத்து. எல்லாரும் கைதட்டினார்கள். பக்கத்துப் பிள்ளை என் முகத்தைப் பார்த்ததால் நானும் தட்டினேன்.

ஆனால் ஒன்று. கடைசி ஐந்து தாள்களில் ஒரு புள்ளி மட்டும் ஒரே இடத்தில் இருந்தது. சூரியன் சுழல்வதால் மற்றவை நாளுக்கு நாள் நகரும். நகராதது லென்ஸில் ஒட்டிய தூசி. தாள்களை உங்களிடம் கொடுத்த பிறகுதான் நானே அதைக் கண்டுபிடித்துத் துடைத்தேன். நீங்களோ “இது அபூர்வமான புள்ளி” என்று குச்சியால் தொட்டுக் காட்டினீர்கள். நான் எழுந்திருக்கவில்லை. மலையில் உங்களை யாருக்குத் தெரியும்? ஊரில் வைத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன்.

மறுவருடம் வானாய்வுக்கூடத்தார் நம் பள்ளி மைதானத்துக்கே வந்தார்கள். பண்ணைப்புரத்திலிருந்தெல்லாம் கூட்டம். அதே தாள்கள், அதே பேச்சு. கேள்வி நேரத்தில் எழுந்தேன்.

“அந்தப் புள்ளி மட்டும் ஏன் சார் நகரல?”

“அதான் சொன்னேனே, அபூர்வம்னு.”

“அது தூசி சார். நான்தான் தொடச்சேன்.”

மலையிலிருந்து வந்த அதிகாரி தாள்களை வாங்கி வரிசையாகப் பார்த்தார். “தூசிதான்” என்றார். “இதெல்லாம் யார் வரைஞ்சது?”

“நான்” என்றேன். மைதானமே உங்களைப் பார்த்துச் சிரித்தது. அன்றிலிருந்து நீங்கள் ‘தூசி சார்’. கம்பம் சந்தைக்குப் போனாலும் அந்தப் பெயர் உங்களுக்கு முன்னால் போய் நின்றது.

சில வருடம் கழித்து என் வீட்டுக்கு வந்தீர்கள். “மகளப் பொண்ணு பாக்க வந்தவுக கூட அதச் சொல்லிச் சிரிக்கிறாக டீச்சர். பிள்ளைககிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லி அந்தப் பேர மாத்திவிடுங்க.”

“பேர மாத்துறது ஒங்களுக்குத்தான் கைவந்த வேல சார். எனக்குத் தெரியாது.”

காப்பியைக் குடிக்காமல் எழுந்து போனீர்கள். அப்போதுகூட மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் நாக்கு இனிக்கிறது, சார். உங்களோடு வந்து வாசலிலேயே நின்றுவிட்ட உங்கள் மகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாளே, அதுதான் தொண்டையைத் தாண்டி இறங்கவில்லை. அவள் என்னிடம் படித்த பிள்ளை. எனக்கு ஒரு கெடுதலும் செய்யாதவள்.