அவள் கூப்பிட்டது எந்தச் சாமியை

தை மாதம், ஞாயிறு.

இன்று திவ்யாவோடு சேலத்தில் ஓர் இசை நாடகம் பார்த்தேன். சென்னைக்காரி அவள்; எங்கள் அலுவலகத்தில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. கடைசிக் காட்சியில் காதலன் போர்வெல் போடும் வண்டியில் ஏறி வேலைக்காக வடக்கே போய்விடுகிறான். காதலி தனியாக நின்று "சாமி... சாமி..." என்று மட்டும் பாடுகிறாள். "பாவம், கடவுளைக் கூப்பிடுறா" என்று திவ்யா மூக்கை உறிஞ்சினாள்.

கடவுளை இல்லை, அவனைத்தான் கூப்பிடுகிறாள். எங்கள் பள்ளிபாளையம் பக்கம் யாரையும் பிரியமாகச் சாமி என்றுதான் சொல்வோம். கல்லூரி நாட்களில் செந்தில் தினமும் "சாப்புட்டியா சாமி?" என்று கேட்பான். ஒருநாள் காவிரிப் பாலத்தில் அவனோடு சண்டை போட்டேன். "பஸ் கண்டக்டரும் சாமி, நானும் சாமியா?"

"அது ஊரு சாமி. நீ என்ற சாமி, எனக்கு மட்டுந்தான்" என்றான்.

போன ஆவணியில் அவனுக்குக் கல்யாணம் முடிந்தது. இப்போதும் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் குரல்தான் காதில் விழுகிறது.

திரும்பும் பஸ்ஸில் திவ்யாவிடம் அலுவலகக் கதையையே பேசிக்கொண்டு வந்தேன். அஸ்தம்பட்டியில் இறங்கும்போது அவளே கேட்டாள். "கடைசி வரைக்கும் அந்தச் சாமி வரவே இல்ல, பாத்தியா?"

"ஆமா," என்றேன். "வரல."