சோப்புப் போட்ட சட்டை

மச்சான்,

இன்று காலை கொடியிலிருந்து என் சட்டையை எடுத்தபோது பார் சோப்பு வாசனை குப்பென்று அடித்தது. இத்தனை வருஷம் கழித்தும் அதைப் போட மனம் வராமல் கொடியிலேயே திரும்பப் போட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், செங்கல்பட்டுக்குத் தெற்கே காட்டை ஒட்டிய உன் நிலத்தில் இருவருமாக நாற்பது வேங்கைக் கன்று நட்டோம். புள்ளிமான் வந்து கொழுந்தைக் கடித்துவிட்டுப் போகும். முள் அடைத்தோம், தாண்டி வந்தது. மாமல்லபுரத்திலிருந்து பழைய மீன்வலை கொண்டுவந்து கட்டினோம். ஒரு குட்டி அதில் மாட்டிக்கொண்டு கத்திய கத்தலில் நீயே வலையை அறுத்துப் போட்டாய். கடைசியில், லாரி ஓட்டிவிட்டு வந்த வேர்வைச் சட்டைகளை நாலு மூலையிலும் கம்பு நட்டு மாட்டினாய். மனுஷ வாடைக்கு மான் எட்டிப் பார்க்கவில்லை. அப்புறம் உன் திமிரைக் கேட்கவா வேண்டும். என் தங்கச்சி குளிக்கச் சொன்னால், "நான் குளிச்சா கன்னு பூடும். மரம் ஆவட்டும், அப்பால குளிக்கிறேன்" என்பாய்.

ஒரே வாரக் காய்ச்சலில் போய்விட்டாய். வீட்டிலிருந்த உன் துணிகளை வழக்கப்படி பெரியவர்கள் அன்றே அப்புறப்படுத்திவிட்டார்கள். தங்கச்சி தினமும் காலையில் குடத்தோடு நிலத்துக்குப் போய், வெகுநேரம் கழித்து வருவாள். தண்ணீர் ஊற்றுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

பதினாறாம் நாள் படையலில் உன் துணி ஒன்று வேண்டுமே. கம்பில் இருந்த நாலும் ஒரே அழுக்கு. அழுக்குத் துணியைப் படைப்பதா என்று, நாலையும் சோப்புப் போட்டு அடித்துத் துவைத்தேன். மரியாதை செய்ததாக நினைப்பு. படத்துக்கு முன்னால் வைத்ததை எடுத்து அவள் முகத்தில் பொத்திக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, சோப்பு வாசனதான் கீது."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அந்த வாரமே மான்கள் வந்தன. முக்கால்வாசிக் கன்று போயிற்று. தப்பியவற்றில் ஒன்று, நுனி கடிபட்ட இடத்தில் இரண்டாகக் கவைத்து வளர்ந்தது. பலகைக்கு ஆகாது, வெட்டிவிடு என்கிறார்கள். தங்கச்சி விடமாட்டேன் என்கிறாள்.

மிஞ்சியவற்றைக் காப்பாற்ற அன்றிலிருந்து என் வேர்வைச் சட்டையைத்தான் மாட்டிவந்தேன். மரங்கள் மானுக்கு எட்டாத உயரம் போன பிறகும் அந்த வழக்கத்தை விட முடியவில்லை. நேற்றும் மாட்டினேன். தங்கச்சியும் பழைய வழக்கப்படி குடத்தோடு வந்தாள். கம்புக்குப் பக்கத்தில் ஒரு நொடி நின்றாள். மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு நடந்தாள்.

மான்கள் ஏமாந்தன, மச்சான். அவள் ஒருநாளும் ஏமாறவில்லை.