முகத்துவாரம் தாண்டினால் இரைச்சல்

ஆகஸ்ட் 18, திங்கள்

காலையில் மேகம், மழை இல்லை. சங்கரா மீன் நல்ல வரத்து. ஐஸ் போதவில்லை.

வயர்லெஸ் செட் மறுபடியும் கரகர. வளைகாப்பு முடிந்ததிலிருந்து இதே ரோதனை. துறைமுகத்துக்குள் நிற்கும்போது, கரையில் கடை வைத்திருக்கும் மெக்கானிக் அந்தோணி பேசினால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் தெளிவு. முகத்துவாரம் தாண்டினால் போச்சு, அப்பளம் பொரிக்கிற சத்தம்தான். கரையிலிருந்து ஒரு வார்த்தை பிடிபடவில்லை.

மற்ற நாளாயிருந்தால் சனியன் கிடக்கட்டும் என்று விட்டிருப்பேன். தேவகி குமராட்சியில், அம்மா வீட்டில், நிறைமாதம். இந்த வாரமோ அடுத்த வாரமோ என்று சிதம்பரத்து டாக்டரம்மா சொல்லிவிட்டார். கடலில் கொஞ்ச தூரம் போனாலே செல்லில் டவர் கிடையாது. அதனால் வீட்டிலிருந்து அந்தோணிக்குப் போன், அந்தோணி கடைச் செட்டிலிருந்து எனக்கு. இதுதான் ஏற்பாடு. நான் கரையில் உட்காரவும் வழியில்லை. படகு ஓட்ட வேறு ஆள் கிடைக்கவில்லை.

என் பிள்ளை பிறந்த சேதி ஊருக்கெல்லாம் தெரிந்து எனக்குக் கடைசியாகத் தெரியக் கூடாது. அவ்வளவுதான் கேட்கிறேன்.

என் படகில் வலை பார்க்கும் பன்னீர் மாமா, வாய் ஜாஸ்தி: "புள்ள பள்ளிக்கூடம் போறப்பதான் உனுக்கு சேதி வரும், பாத்துக்க."

வாயில் கொழுக்கட்டையை வைத்து அடைத்தால் தேவலை.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

நல்ல வெயில். மீன் இறக்கியதும் அந்தோணி படகுக்கு வந்தார். ஆண்டெனா வயர் முனையைக் கழற்றினால் உள்ளே பச்சைப் பச்சையாக உப்பு. வெட்டி எறிந்து புது முனை, மேலே டேப். பேட்டரியும் சுத்தம் செய்தாயிற்று. கடைக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து பேசினார். கணீர்.

"செட்டு தங்கம்யா. உன் காதுலதான் கோளாறு."

வாங்கிக் கட்டிக்கொண்டேன். டீயும் என் செலவில்.

வாங்க வேண்டியது: டேப் ஒன்று, ஐஸ் பெட்டி மூடிக்குக் கீல், கற்பூரம்.

ஆகஸ்ட் 20, புதன்

விடியலில் கிளம்பினோம். வழக்கம்போல முகத்துவாரத்தில் கற்பூரம் காட்டி, அம்மன் படத்து விளக்கைப் போட்டு, கும்பிட்டு வெளியே. கற்பூரம் அணைவதற்குள் செட்டில் அப்பளம்! அந்தோணி மேல் வந்த கோபத்தில் செட்டுக்கு ஓர் அறை விட்டேன். கை வலித்ததுதான் மிச்சம்.

அந்தப் படம் அத்தை கொடுத்தது. தேவகியின் அம்மா. வயல்காரக் குடும்பம். கடலுக்குப் போகிறவனுக்கா பெண் என்று எங்கள் கல்யாணத்துக்கே வரவில்லை. தேவகி உண்டான பிறகுதான் பேச்சுவார்த்தை. வளைகாப்பு அன்று, சுற்றிலும் எல்.இ.டி. வைத்த இந்தக் காளியம்மன் படத்தை என் கையில் கொடுத்தார். "தண்ணி மேல இருக்கற வரைக்கும் இது எரியணும்." அவ்வளவுதான் பேச்சு. மாப்பிள்ளை என்று கூப்பிடவில்லை. இருந்தாலும் அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

கரைக்கு வந்ததும் அணைப்பேன், கிளம்பினால் போடுவேன். ஒரு நாள் தவறியதில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

காற்று ஜாஸ்தி, யாரும் போகவில்லை. நல்லதாய்ப் போயிற்று. சிதம்பரம் பஸ், அங்கிருந்து மினி பஸ்ஸில் குமராட்சி. பூ, பழம், அத்தைக்குப் பயந்துகொண்டே கொஞ்சம் கருவாடு. வாங்கி உள்ளே வைத்தார்!

தேவகிக்குக் கால் வீக்கம். முகம் மட்டும் பளிச். என் கையை எடுத்து வயிற்றில் வைத்தாள். உதை. இன்னொன்று வரட்டும் என்று ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை.

சாயங்காலம் ரேடியோவில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தை வந்து சாமி மாடத்து சீரியல் லைட்டைப் போட்டார். ரேடியோ கரகர.

"யம்மா, அத நிறுத்தும்மா. எப்பப் போட்டாலும் பாட்டு கேக்க மாட்டேங்குது."

நிறுத்தினார். பாட்டு வந்தது. நான் எழுந்து போய் நானே போட்டேன். கரகர. நிறுத்தினேன். பாட்டு. மறுபடி போட்டேன்.

"என்னா சின்னப் புள்ளயாட்டம்?" என்றாள் தேவகி.

அதே அப்பளம். சொல்ல வாயெடுத்து, அத்தை முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். அவர் கொடுத்த ஒரே பொருள். அதைப் போய்ச் சனியன் பிடித்தது என்பதா?

ஆகஸ்ட் 22, வெள்ளி

முகத்துவாரத்தில் விளக்கைப் போட்டேன், இரைச்சல். அணைத்தேன், அந்தோணி யாரையோ திட்டுவது சுத்தமாகக் கேட்டது. சந்தோஷம் ஒரு நிமிஷம்தான். எரிந்தால் சேதி வராது. அணைத்தால் அத்தை சொன்ன சொல் போச்சு. கொஞ்ச நேரம் போட்டு, கொஞ்ச நேரம் அணைத்து ஓட்டினேன். அணைத்திருந்த நேரமெல்லாம் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

கரையில் அந்தோணி தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு நாளாவது இங்க அதப் போட்டுக் காட்டுனியாய்யா?"

நியாயம்தான். அது கடலுக்கான விளக்கு, கரையில் எதற்குப் போடுவேன்?

எல்.இ.டி.க்குள் இருக்கிற சின்ன சர்க்யூட்தான் இரைகிறதாம். பழைய குண்டு பல்பு இரையாதாம். பன்னீர் மாமா போய்த் தன் பழைய மொபெட்டிலிருந்து இண்டிகேட்டர் பல்பைக் கழற்றிக்கொண்டு வந்தார். அந்த வாய்க்கு இப்படி ஒரு மனசு. மாட்டி, போட்டுப் பார்த்தோம். விளக்கும் எரிந்தது, செட்டும் பேசியது. மஞ்சள் வெளிச்சத்தில் அம்மன் முகம் இப்போதுதான் சரியாகத் தெரிகிறது.

நிம்மதி. மத்தி வறுவல், இரண்டு தட்டுச் சோறு.

ஆகஸ்ட் 25, திங்கள்

கடல் அமைதி. வலை தண்ணீரில். விளக்கு எரிகிறது. செட்டில் அந்தோணி, என் பேரைச் சொல்லிக் கத்தல்.

"போனை மைக்குகிட்ட வெக்கறேன், கேளுய்யா!"

கொஞ்சம் சத்தம். அப்புறம் அத்தை.

"மாப்ள..."

செட்டின் சத்தத்தை முழுக்கக் கூட்டினேன்.

"பொண்ணு பொறந்துருக்கு மாப்ள. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க."

அந்தச் சேனலில் இருந்த படகெல்லாம் ஒரே கூச்சல். ஒருவர் விசில். ஒருவர் "இனிப்பு எங்கடா?" பன்னீர் மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார், வாய்க்காரர். எல்லாம் அடங்கியதும் மறுபடி அத்தை, மெதுவாக.

"வெளக்கு எரியுதா?"

மைக்கை அழுத்தினேன்.

"எரியுது அத்த."